இடது கதவு: மேற்படி

நான் ஓய்வு பெற்றவள். வயது முப்பத்தொன்று. இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் எனக்குச் சால்வை போர்த்தியிருக்கிறார்கள், சுவர்க்கடிகாரம் கொடுத்திருக்கிறார்கள், லட்டும் மிக்சரும் வைத்து இரண்டு பேர் பேசியும் இருக்கிறார்கள். சால்வையும் கடிகாரமும் வாங்கியவர் பழைய வேலைக்குத் திரும்ப முடியாது என்பது ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும்.

ஓய்வு பெற்ற தொழில், வண்டிகளுக்குப் பாட்டுப்பெட்டியும் ஸ்பீக்கரும் பொருத்துவது. இடம், மண்ணூர்பேட்டையில் தொழிற்பேட்டை எஸ்டேட்டை ஒட்டிய ஒரு கார் அலங்காரக் கடை. பணிக்காலம் ஏழு ஆண்டுகள். ஓய்வுக்குக் காரணம் புது வண்டிகள். அவற்றில் பாட்டும் ஏசியும் கடிகாரமும் கதவுப் பூட்டும் ஒரே கண்ணாடித் திரைக்குள் குடியேறிவிட்டன. ஒன்றைக் கழற்றினால் மற்ற மூன்றும் கோபித்துக்கொள்ளும். முதலாளி ஒரு திங்கட்கிழமை என் மேசையை எடுத்துவிட்டு அங்கே சீட் கவர் தைக்கும் மிஷினைப் போட்டார். இப்போது நான் வேறொரு கம்பெனியில் வயர்களைச் சோதிக்கிறேன். அங்கே எந்த வயரிலும் பாட்டு வராது.

போன வாரம் நித்யா ஃபோன் செய்தாள். நான் போவதற்கு முந்தைய வருடம் கடையில் சேர்ந்து என்னிடம் வேலை பழகியவள். இப்போது திருவேற்காடு பக்கம் வேறு கடையில் இருக்கிறாள்.

"அக்கா, எங்க கடைக்கு லோடு வண்டிங்க நெறைய வருது. எல்லாருக்கும் கம்மி பட்ஜெட்ல சவுண்டு ஏத்தணுமாம். நீங்கதான் எல்லாத்துக்கும் லிஸ்ட் வெச்சிருப்பீங்களே, ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்புங்களேன்."

எழுத உட்கார்ந்தேன். நான்காவது வரியில் ஏழுமலை அண்ணன் என்ற பழைய வாடிக்கையாளர் வந்துவிட்டார். அதற்கப்புறம் அது ஒரு பக்கத்தில் அடங்கவில்லை.

பாலிடெக்னிக் மூன்று ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு அலைகள் எதிரெதிராகச் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும் என்பது பதினாறு மதிப்பெண் கேள்வி. படம் வரைந்து பதினைந்து வாங்கினேன். மீதி ஒரு மதிப்பெண் பின்னாளில் மண்ணூர்பேட்டைக்கே என்னைத் தேடி வந்தது. அப்பா அப்போது பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். அரசு வேலைக்கு நான் எழுதிய தேர்வுகளின் முடிவுகள் வரும்வரை சும்மா இருக்க வேண்டாமென்று இந்தக் கடையில் சேர்ந்தேன். முடிவுகள் வந்தன, நான் கடையிலேயே இருந்தேன். "பொண்ணு ஆட்டோமொபைல் எலக்ட்ரானிக்ஸ்ல இருக்கா" என்று அப்பா பக்கத்து வீடுகளில் சொல்லிவைத்திருந்தார். அது பொய்யில்லை. பெரும்பாலான நாட்களில் நான் அதற்குள்ளேயே, டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகக் கிடந்தேன்.

முதலாளி பரந்தாமன் எந்தக் கருவியையும் நம்பாதவர். மல்டிமீட்டரை மேசையில் பார்த்தால் அதை நகர்த்திவிட்டு டீ டம்ளர் வைப்பார். அவருடைய பரிசோதனை முறை ஏழு ஆண்டுகளில் ஒருநாளும் மாறவில்லை. வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து கதவுகளைச் சாத்தச் சொல்வார். வாடிக்கையாளரின் பாட்டு அவருக்கு வேண்டாம், தன் ஃபோனிலிருந்து எப்போதும் அதே குத்துப்பாட்டைப் போடுவார். கண்களை மூடுவார். பல்லவி முடியும்வரை முகத்தில் அசைவே இருக்காது. பிறகு மூன்று தீர்ப்புகளில் ஒன்று வெளிவரும். சவுண்டு அழுவுது, சவுண்டு திக்குது, சவுண்டு சாவுது. அழுதால் ஸ்பீக்கர் மாற்ற வேண்டும். திக்கினால் பெட்டி மாற்ற வேண்டும். செத்தால் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் போட வேண்டும். குணமாகிவிட்டது என்றொரு தீர்ப்பும் உண்டா என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"அது காசு குடுத்தப்பறம் வரும்மா, இன்ஜினியரம்மா" என்றார்.

வேலை முடிந்ததற்குச் சான்று ஒரு நாணயம். அவர் சட்டைப்பையில் தனியாக ஒரு ரூபாய் வைத்திருந்தார், அதை டீக்குக்கூடக் கொடுக்க மாட்டார். டேஷ்போர்டின் நடுவில் அதைப் படுக்க வைத்துப் பாட்டை ஏற்றுவார். அடிச்சத்தத்தின் அதிர்வில் நாணயம் நகர்ந்து ஓரத்துக்குப் போய்க் கீழே விழுந்தால் வேலை முடிந்தது, எலுமிச்சம்பழமும் கற்பூரமும் கொண்டுவரலாம். விழாவிட்டால் வாடிக்கையாளரே கவலையோடு "இன்னும் இன்னா போடணும்?" என்று கேட்பார். அந்த நாணயத்தைப் போல விற்பனை செய்த ஆள் எங்கள் கடையில் வேறு யாரும் இல்லை.

நித்யா கேட்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பிக்கப் வண்டியோடு வருகிற ஸ்பீக்கர் காகிதத்தில் செய்தது. ஒரு மழைக்காலத்துக்கு மேல் தாங்காது. ஆனால் கோளாறு முக்கால்வாசி ஸ்பீக்கரில் இருக்காது, கதவில் இருக்கும். கதவின் உள்பக்க அட்டையைக் கழற்று. ஒன்பது கிளிப்பில் இரண்டு உடையும், அதற்கு வருந்தாதே, கடையில் ஒரு டப்பா நிறைய வைத்துக்கொள். உள்ளே தகரத்தில் பெரிய ஓட்டைகள் இருக்கும். ஸ்பீக்கரின் முன்பக்கச் சத்தமும் பின்பக்கச் சத்தமும் அந்த ஓட்டை வழியே சந்தித்துக்கொண்டால் இரண்டும் காலி. ஆகவே முதல் செலவு ஓட்டையை அடைப்பது. அதற்கு ரப்பர் ஷீட் வாங்கு. மொட்டைமாடி ஒழுகலுக்கு ஒட்டும் தார் டேப்பை ஒட்டாதே, சித்திரை மாதம் அது உருகிக் கதவுக்குள் வழியும், டிரைவர் சட்டையைக் கழற்றிக்கொண்டு கடைக்கு வருவார். அடுத்து நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி, நடுத்தரப் பெட்டி ஒன்று. பேட்டரியிலிருந்து தனி வயர், அதில் ஃபியூஸ். எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுக் கொடு. இவ்வளவு செய்தால் ஆம்ப் தேவைப்படாது. இதை முதலாளி இருக்கும்போது சத்தமாகச் சொல்லாதே.

கடைசியாக ஒன்று, பென்சில் செல் சோதனை. ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரிலும் ஒரு பென்சில் செல்லை ஒரு கணம் தொட்டு எடுத்தால் ஸ்பீக்கரின் கூம்பு அசையும். வெளியே வந்தால் வயர் சரி. உள்ளே போனால் தலைகீழ். இரண்டு கதவிலும் கூம்பு ஒரே பக்கம் அசைய வேண்டும். ஒன்று வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுத்தால், ஒன்று கொடுக்கிற அடிச்சத்தத்தை இன்னொன்று தின்றுவிடும். நான் தேர்வில் படம் வரைந்த அதே விஷயம்.

வேலைத்தாள் அச்சடித்தவளும் நான்தான். எனக்கு முன் கடையில் தாளே கிடையாது. இடப்பக்கம் வேலையின் பெயர், வலப்பக்கம் பார்த்தாயிற்றா என்று டிக். வலது கதவு: கிளிப், ஓட்டை, ஸ்பீக்கர், வயர், செல் சோதனை. இடது கதவு, அதே ஐந்தும். ஒரே ஐந்து வரியை இரண்டு முறை எழுத வைத்தது யார் குற்றம் என்று பின்னால் எனக்கே கோபம் வந்தது. எழுத வைத்தவளும் நானே.

ஏழுமலை அண்ணன் ஆடி மாதத்தில் வந்தார். எஸ்டேட்டில் வார்ப்பு சாமான்களை ஏற்றிக்கொண்டு பூந்தமல்லி வழியாக பெங்களூர் ரோட்டில் இருக்கிற கம்பெனிகளுக்குக் கொண்டுபோகும் சொந்த பிக்கப். ஆள் நல்ல உயரம், அதைவிட நல்ல அகலம். கூடவே மனைவி காஞ்சனா. வண்டியிலிருந்து அவர்தான் முதலில் இறங்கினார், பேசியதும் அவர்தான்.

"பாட்டு கணீர்னு கேக்கணும். இவரு தூங்கக் கூடாது. அவ்ளோதான்."

முதலாளி புரியாமல் பார்த்தார். காஞ்சனா விளக்கினார்.

"மத்தியானம் சாப்ட்டுட்டு ஓட்டறாரு இல்ல, ரெண்டு மணிக்கு மேல கண்ணு சொருவுது. போன மாசம் குமணன்சாவடிகிட்ட ரோட்டோரம் கீற கட்டைல உட்டுட்டாரு. இடது கதவு பூட்ச்சு. ஆளுக்கு ஒண்ணும் ஆவல. அன்னைலேந்து நான் பக்கத்துல குந்திகினு வரேன். தொடைல கிள்ளிகினே வரேன்."

"செவந்து கீது" என்றார் ஏழுமலை.

"செவக்கட்டும். நான் ரெடிமேட் கம்பெனில டைலரு. ஒரு மாசம் லீவு சொல்லிட்டு வந்து கீறேன். சூப்பர்வைசரு என் மிசின வேற யாருக்கும் குடுக்காம வெச்சிக்கினு கீறாரு. ஒரு மாசம் தாண்டுனா குடுத்துடுவாரு. அதுக்குள்ள இந்த மனுசன் தானா முழிச்சிகினு ஓட்டணும். இல்லாங்காட்டி வண்டிய வித்துட்டு எங்கனா வாட்ச்மேனாப் போவட்டும்."

"வாட்ச்மேன் தூங்கக் கூடாதேக்கா" என்றேன்.

"அவன் தூங்குனா யாரும் சாவ மாட்டாங்கம்மா."

ஏழுமலை வண்டியின் பானெட்டைத் தடவிக்கொண்டு நின்றார். தவணை முடிந்து அந்த வண்டி தன் பெயருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை என்று பிறகு சொன்னார். பாட்டு போட்டால் தூக்கம் வராது என்று சாலைப் பாதுகாப்புத் துறை எதுவும் சொன்னதில்லை, வண்டிக்காரர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அப்போது அதில் சந்தேகம் வரவில்லை. நான் ஆடியோ பொருத்துகிறவள், உலகத்தின் துன்பங்களெல்லாம் ஸ்பீக்கரால் தீரும் என்று நம்பும் வயது.

அன்று ஒரே நாளில் முடித்தேன். வலது கதவில் ஒவ்வொன்றாகச் செய்து ஒவ்வொன்றாக டிக் போட்டேன். செல் சோதனையில் கூம்பு வெளியே வந்தது, டிக். இடது கதவுக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது, வெளியே அடுத்த வண்டி ஹாரன் அடித்தது. கிளிப், ஓட்டை, ஸ்பீக்கர், வயர் எல்லாம் செய்தேன். இரண்டு கதவும் ஒரே வண்டியின் கதவு, ஒரே நிற வயர். தாளில் ஐந்து வரிக்கும் சேர்த்து ஓர் அடைப்புக்குறி போட்டு "மேற்படி" என்று எழுதினேன்.

பாட்டைப் போட்டோம். கேட்டது, ஆனால் வண்டிக்குள் இல்லை. பாடகர் பக்கத்துத் தெருவில் நின்று பாடுவது போல இருந்தது. தவில் தகரத்தில் அடித்தது. நாணயம் டேஷ்போர்டில் ஒட்டவைத்தது போல் கிடந்தது.

முதலாளி கண் திறந்தார். "சாவுது."

ஆம்ப் போட்டோம். சத்தம் இரண்டு மடங்கானது. பாடகர் இப்போது பக்கத்துத் தெருவில் மைக் வைத்துப் பாடினார். நாணயம் ஒரு நூலளவு நகர்ந்து மனம் மாறி நின்றது. ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள் என்று அனுப்பினார் முதலாளி.

ஒரு வாரம் கழித்து இருவரும் வந்தார்கள். ஏழுமலையின் கண்கள் சிவந்திருந்தன.

"எப்படி நைனா கீது?" என்றார் முதலாளி.

"தூக்கம் வர்ல. ஆனா தலவலி வருது."

"பாட்டா அது?" என்றார் காஞ்சனா. "தகர டப்பால ஆணி போட்டு ஆட்டற மாதிரி கீது. கிள்ளறத நான் நிறுத்தவே இல்ல. கொஞ்சம் கை ஓஞ்சா லாரி பின்னால போய் நிக்கறாரு. இன்னும் எட்டு நாள்தான் கீது எனக்கு."

"சீட்டுக்குக் கீழ அடிச்சத்தத்துக்குன்னு ஒரு சப்வூபர் போட்டா..." என்று முதலாளி தொடங்கினார்.

"போட்டா? போட்டுகினே போனா வண்டில லோடு எங்க ஏத்தறது? வோணாம். இன்னிக்கு சரியாவலன்னா நாளைக்கு வண்டி வெலைக்கு." சொல்லிவிட்டு வாசலில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கும் உத்தேசமில்லாத உட்காரல்.

ஏழுமலை என்னைப் பார்த்தார். முதலாளி சப்வூபரைப் பார்த்தார். நான் பார்ப்பதற்கு வேலைத்தாளைத் தவிர வேறொன்றும் இல்லாததால் அதை எடுத்தேன். எல்லா வரியிலும் டிக் இருந்தது, இடது கதவைத் தவிர. அங்கே மட்டும் என் அழகான கையெழுத்தில் "மேற்படி".

"அண்ணா, இந்த இடது கதவு கம்பெனிலேந்து வாங்குனதா?" என்று கேட்டேன்.

"கம்பெனி கதவு வாங்கற மூஞ்சாம்மா இது? காயலாங்கடைல எட்த்தேன். இதே மாடல் வண்டி, எவனோ குப்புற கவுத்தது. பெயின்ட் மட்டும் நம்ம கலரு அட்சிகினேன்."

அட்டையைக் கழற்றினேன். மூன்று கிளிப் உடைந்தது. வயரில் பென்சில் செல்லைத் தொட்டேன். கூம்பு உள்ளே போனது. நம்பாமல் இன்னொரு முறை தொட்டேன். இன்னொரு முறை உள்ளே போனது. கவிழ்ந்த அந்த வண்டியில் முன்பு வேலை செய்த யாரோ ஒருவர், பிளக்குக்குப் பின்னால், டேப் சுற்றிய இடத்துக்குள், இரண்டு வயரையும் மாற்றி முறுக்கியிருந்தார். அவர் மாற்றியதைக் கண்டுபிடிக்கத்தான் சோதனை இருக்கிறது. சோதனையைச் செய்யாமல் இருக்கத்தான் "மேற்படி" இருக்கிறது.

வெட்டி, மாற்றி, ஈயம் பற்ற வைத்து, டேப் சுற்றினேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ஆம்பையும் கழற்றிக் கீழே வைத்தேன். பாட்டைப் போட்டேன்.

பாடகர் பக்கத்துத் தெருவிலிருந்து நேராக வந்து டேஷ்போர்டின் நடுவில் உட்கார்ந்தார். தவில் வயிற்றில் அடித்தது. நாணயம் நிதானமாக நடந்து, ஓரத்தில் ஒரு கணம் நின்று, கீழே குதித்தது. அது முதலாளியின் காலடியில் உருண்டு வந்தது. அவர் குனியவில்லை.

"இன்னாம்மா பண்ண?"

"வயர மாத்தினேன் சார். போன தடவ இந்தக் கதவ நான் செக் பண்ணல. தப்பு என்னுது. ஆம்ப் தேவையே இல்ல."

இதைக் காஞ்சனா முன்னால் சொன்னதுதான் நான் கடையில் செய்த ஒரே வீரச்செயல். காஞ்சனா டயரிலிருந்து எழுந்தார்.

"அப்போ ஆம்ப் துட்டு?"

முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு சீட் கவர் மிஷின் அப்போதே தெரிந்தது. பணத்தை எண்ணாமல் கொடுத்தார், காஞ்சனா எண்ணி வாங்கிக்கொண்டார். அவர்கள் போனபின் முதலாளி என் மேசைக்கு வந்தார்.

"இத்தப் பாரு. வயர மாத்தினேன்னு சொல்லாத. வயர எவன் வேணா மாத்துவான். போலாரிட்டி கரெக்ஷன்னு சொல்லு."

அடுத்த வாரம் கடை வாசலில் புதுப் பலகை தொங்கியது. "இங்கு போலாரிட்டி கரெக்ஷன் செய்யப்படும்." வயர் சரியாக இருந்த வண்டிகளும் வரிசையில் நின்றன.

காஞ்சனா வேலைக்குத் திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். வேலைத்தாளிலிருந்து அந்தச் சொல்லை நீக்கி, இடது கதவுக்கும் ஐந்து தனிக் கட்டங்கள் போட்டுப் புதிதாக அச்சடித்தேன். இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ கௌரவமாக இருந்திருக்கும்.

பதினைந்து நாள் கழித்து ஒரு மாலையில் ஏழுமலை தனியாக வந்தார். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, முதலாளி உள்ளே இல்லை என்று பார்த்துக்கொண்டு, என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தங்கச்சி, அத்த முன்ன மாதிரி பண்ணிடு."

"எத?"

"அந்த வயரு. பழையபடி மாத்திடு."

நான் சோல்டரிங் கம்பியைக் கீழே வைத்தேன். "சவுண்டு நல்லா இல்லியாண்ணா?"

"அய்ய, ரொம்ப நல்லா கீது. அதான் பேஜாரு." குரலைத் தாழ்த்தினார். "முன்ன அது காதுல குத்திகினே இருக்கும். எரிச்சலா வரும். எவன் பண்ணான் இத்தனு திட்டிகினே ஓட்டுவேன். திட்டும்போது தூக்கம் வராது இல்ல? இப்ப அந்த மோளம் வயித்துல வந்து தட்டிக் குடுக்குது. நேத்து குமணன்சாவடி தாண்டி போய்கினு கீறேன். சரணம் ஆரம்பிச்சுது. அடுத்தது பாத்தா பல்லவி ஓடுது. நடுவுல இன்னா ஆச்சுனு தெர்ல."

ஒரு சரணம் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் ஒரு பிக்கப் எவ்வளவு தூரம் போகும் என்றும் கணக்குப் போட முடியும். போடாமல் நிறுத்தினேன்.

"வண்டிய நிறுத்திட்டுத் தூங்கணும்ண்ணா. பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"மூணு மணிக்குள்ள கம்பெனி கேட்டுக்குப் போவணும்மா. தூங்குனா லோடு திரும்பிடும். காஞ்சனாட்ட சொல்லாத, வண்டிய வித்துடுவா."

நான் சொல்லவில்லை, காஞ்சனாவை ஃபோனில் கூப்பிட்டு ஏழுமலையையே சொல்ல வைத்தேன். ஸ்பீக்கரில் போட்டேன். மறுமுனையில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இருந்தார் காஞ்சனா. சரணம் காணாமல் போன கதையை முழுவதும் கேட்டார். ஏழுமலை திட்டுக்காகத் தோளைக் குறுக்கிக்கொண்டார். திட்டு வரவில்லை. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

"சாப்ட்டப்பறம் லோடு ஷெட்ல இன்னா பண்ற?" என்றது ஃபோன்.

"சொம்மா... கூட்டாளிங்களோட."

"கேரம் ஆடறியா?"

ஏழுமலை ஃபோனிலிருந்து ஓரடி தள்ளி நின்றார்.

"எவ்ளோ நேரம்?"

"அரமணி நேரம் ஆவும்" என்றார் ஏழுமலை, அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று தெரியாமல்.

"அந்த அரமணிய எனக்குக் குடு. சாப்ட்டதும் கெளம்பற. குமணன்சாவடி பெட்ரோல் பங்க் ஓரமா நிறுத்தற. தூங்கற. ரெண்டு மணிக்கு நான் ஃபோன் அடிப்பேன். எழுந்து ஓட்டற. இல்லியா, வண்டி வெலைக்கு. தங்கச்சி, அந்த வயரு ரெண்டு மாதிரியும் வர்றாப்ல பண்ண முடியுமா? தையல் மிசின்ல முன்னாடி தைக்க, பின்னாடி தைக்க ஒரு லீவரு கீதே, அந்த மாதிரி. தூங்கறப்ப நல்ல பாட்டு. ஓட்டறப்ப தகர டப்பா."

மூன்று ஆண்டு பாலிடெக்னிக், ஏழு ஆண்டுத் தொழில், இரண்டிலும் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. ஆனால் விடை மேசை இழுப்பறையிலேயே இருந்தது. ஆறு கால் உள்ள ஒரு சிறிய ஸ்விட்ச். இடது கதவின் வயரை அதன் வழியே விட்டு, கால்களை நடுவில் குறுக்காக இணைத்தால், மேலே தள்ளும்போது வயர் நேராகப் போகும், கீழே தள்ளும்போது தலைகீழாகப் போகும். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஓட்டை போட்டு அதைப் பொருத்தினேன். நன்றாகக் கேட்கிற பாட்டை மோசமாக்குவதற்கு நான் செய்த ஒரே வேலை அது. இத்தனை கவனமாக வேறெந்த வேலையையும் செய்ததில்லை. இரண்டு கதவிலும், ஸ்விட்சின் இரண்டு நிலையிலும், நான்கு முறை பென்சில் செல் வைத்துப் பார்த்தேன். நான்கு கட்டம், நான்கு டிக்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காஞ்சனா ஒரு துணிப்பட்டையோடு வந்தார். மேலே நீல நூலில் "தூங்க". கீழே சிவப்பு நூலில் "ஓட்ட". ஓரம் மடித்து ஏற்றுமதித் தரத்தில் தைத்திருந்தார். தானே ஸ்விட்சைச் சுற்றி அதை ஒட்டினார்.

"மாத்திப் போட்டுகினு ஓட்டுனன்னு தெரிஞ்சுது..." என்றார் கணவரிடம்.

"எப்டித் தெரியும் உனுக்கு?"

"ஃபோன்ல கேக்கும் இல்ல. தகரம் கேக்கலன்னா நான் கெளம்பி வருவேன்."

முதலாளி இதையெல்லாம் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் போனதும் வந்து, "அந்தச் சுச்சுக்குப் பேரு இன்னா?" என்றார்.

"பேரெல்லாம் இல்ல சார்."

மறுவாரம் பலகையில் ஒரு வரி கூடியிருந்தது. "டிரைவர் மோடு பொருத்தப்படும்." லோடு வண்டிகள் மட்டுமல்ல, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடும் கார்களும் கேட்டு வந்தன. முகப்பேர் பக்கம் ஃப்ளாட்டில் இருக்கும் ஐடிக்காரர் ஒருவர் ஸ்விட்சைக் கீழே தள்ளி, கண்களை மூடிக் கேட்டுவிட்டு, "இதுல தான் க்ளாரிட்டி அதிகமா இருக்கு" என்றார். நான் அலைகளை விளக்க வாயைத் திறந்தேன். முதலாளி முந்திக்கொண்டார். "கரீட்டா சொன்னீங்க சார். எல்லாருக்கும் அந்தக் காது அமையாது." அதற்கப்புறம் அவர் ஒருவருக்கும் நாணயத்தை வைத்துக் காட்டவில்லை. டிரைவர் மோடில் அது நகராது.

என் பிரிவுபசாரத்தில் பேசியபோதும் முதலாளி அந்த ஸ்விட்சைத்தான் சொன்னார். "நல்லா பண்றதுக்கு ஆயிரம் பேரு கீறாங்க. கெட்த்துத் தர்றதுக்கு இந்தப் பொண்ணு ஒண்ணுதான்." கைதட்டினார்கள். கடிகாரத்தை வீட்டில் மாட்டினேன். அப்பா தன் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இடம் விட்டுக் கொடுத்தார்.

நித்யா, உனக்கு வேண்டிய பட்டியல் மேலே கலைந்து கிடக்கிறது, பொறுக்கிக்கொள். தாளில் செல் சோதனை என்ற ஒரு வரியை மட்டும் இரண்டு முறை எழுது.

போன மாதம் கம்பெனி வேலையாக பூந்தமல்லி போனேன். குமணன்சாவடி சிக்னலில் பஸ் நின்றது. நண்பகல் கடந்த வெயில், மணி இரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. பெட்ரோல் பங்க் ஓரம் மரத்தடியில் ஒரு பிக்கப். இடது கதவின் நிறம் மற்றதோடு இன்னும் சரியாக ஒட்டவில்லை. சீட்டின் நீளத்துக்கு அண்ணன் படுத்திருந்தார், இரண்டு பாதங்களும் ஜன்னலுக்கு வெளியே. பாட்டு தாழ்வாக ஓடிக்கொண்டிருந்தது.

"யோவ் பாரு, ராஜா மாதிரி தூங்கறான்" என்றார் கண்டக்டர்.

ஸ்விட்ச் அங்கிருந்து தெரியவில்லை. தெரிய வேண்டியதில்லை. பஸ்ஸின் ஜன்னல் கம்பியில் விரல் வைத்தால் தவில் லேசாகத் தட்டியது. இரண்டு கூம்பும் ஒன்றாக வெளியே வந்து ஒன்றாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. சட்டைப் பொத்தான்களுக்குப் பின்னால் ஏழுமலை அண்ணனின் வயிறும் மேற்படி.